நெடுந்தூரம் சைக்கிளில் போகும்போது வழியில் வண்டி நின்றுவிட்டால்: பையில் என்னென்ன வைத்திருக்கிறீர்கள்?

விடியல்சவாரி

அடுத்த மாதம் முதல் தடவையாக 300 கிலோமீட்டர் தனியாக ஓட்டப் போகிறேன். இதுவரை போனதெல்லாம் 100, 120தான், அதுவும் கூட நாலு பேர் இருப்பார்கள், யாரிடமாவது பம்ப் இருக்கும், யாருக்காவது பஞ்சர் பார்க்கத் தெரிந்திருக்கும். இந்த முறை அப்படி இல்லை. பாதி வழி இரவில், ஆள் நடமாட்டம் குறைந்த சாலை.

வண்டி டிஸ்க் பிரேக், 11 ஸ்பீட் (பின்னால் 11 பல்சக்கரம்), 700x28 டயர், உள்ளே சாதாரண டியூப். சீட்டுக்கு அடியில் தொங்கும் பையில் இப்போது இருப்பது ஒரு டியூப், இரண்டு டயர் லீவர், ஒரு மல்ட்டி டூல், டயரை நிரப்ப 16 கிராம் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் இரண்டு. இது போதுமா? ஒருவரைக் கேட்டால் இதுவே அதிகம் என்கிறார், இன்னொருவரைக் கேட்டால் பாதிப் பட்டறையைச் சுமக்கச் சொல்கிறார். எதை வைத்து முடிவு செய்வது என்றே தெரியவில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

நெடுவழி

எதை எடுத்துப் போவது என்று தொடங்காமல், எது வண்டியை நிறுத்தும் என்று தொடங்குங்கள். கோளாறுகளை நான் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறேன். ஒன்று, வண்டியை உருட்டிக்கொண்டுதான் போக முடியும் என்ற நிலைக்குக் கொண்டுவருவது. இன்னொன்று, எரிச்சலாக இருக்கும், மெதுவாகப் போக வேண்டியிருக்கும், ஆனால் ஊர் போய்ச் சேரலாம். பையில் இடம் முதல் வகைக்குத்தான்.

காற்று நிற்காத டயர், அறுந்த செயின், முறிந்த டெரெய்லியர் ஹேங்கர் (செயினைப் பல்சக்கரம் மாற்றும் டெரெய்லியரைப் பிரேமோடு பிணைக்கும் துண்டு), கழன்று விழுந்துவிட்ட ஏதோ ஒரு போல்ட். உங்கள் வண்டியை நிஜமாகவே நிறுத்துவது பெரும்பாலும் இந்த நாலுதான். கியர் கேபிள் அறுந்தால் வண்டி நிற்காது. பின் டெரெய்லியர் தானாகச் சின்னப் பல்சக்கரத்துக்குப் போய்விடும், அதில் ஏற்றம் ஏறுவதுதான் கஷ்டம். டெரெய்லியரில் எச் என்று எழுதிய சிறு திருகு இருக்கும், அதை உள்ளே திருகினால் செயினை இரண்டாவது அல்லது மூன்றாவது பல்சக்கரத்தில் நிறுத்தி வைக்கலாம், முன்னால் இரண்டு செயின்ரிங் இருந்தால் அந்த இரண்டு கியரிலேயே மிச்ச தூரத்தை முடித்துவிடலாம். ஒரு ஸ்போக் போனாலும் அநேகமாக நிற்காது. பிரேக் பேட் தேய்வது திடீரென்று நடப்பதில்லை, கிளம்புவதற்கு முன்பே பார்த்திருக்க வேண்டிய விஷயம்.

அதனால் உங்கள் பட்டியலில் எனக்குக் குறையாகத் தெரிவது: நிஜமான பம்ப், இரண்டாவது டியூப், ஒட்டுப்போடும் பேட்ச் பெட்டி, 11 ஸ்பீட் குயிக் லிங்க் (அறுந்த செயினைச் சேர்க்கும் இணைப்பு) ஒரு ஜோடி, செயின் பிரேக்கர் (செயினின் பின்னைத் தள்ளிக் கழற்றும் கருவி, உங்கள் மல்ட்டி டூலில் இருக்கிறதா என்று பாருங்கள், பலதில் இருக்காது), உங்கள் பிரேமுக்கான ஹேங்கர். இதெல்லாம் சேர்ந்து எடை அரைக் கிலோகூட வராது.

எதிர்க்காற்று

எனக்கு இதில் கொஞ்சம் மாற்றுக் கருத்து. 6 வருடமாக நீண்ட தூரம் ஓட்டுகிறேன், செயின் எனக்கு ஒரு தடவைகூட அறுந்ததில்லை. ஹேங்கர் முறிந்ததில்லை. ஸ்போக் ஒன்றே ஒன்று போனது. பஞ்சர் மட்டும் கணக்கில்லை. வண்டியை ஒழுங்காகப் பராமரித்து, செயினைத் தேய்மானம் பார்த்து மாற்றி, புது டயரோடு கிளம்பினால் டியூபும் பம்பும் மட்டும் போதும். மிச்சத்துக்கு போன் இருக்கிறது, யாரையாவது வரச் சொல்லலாம். பயத்தில் எடுத்துப் போகும் பொருள் பையிலேயே துருப்பிடிக்கும்.

நெடுவழி

பராமரிப்பு பற்றிச் சொன்னது அத்தனையும் சரி, நூற்றுக்கு நூறு ஒப்புக்கொள்கிறேன். வழியில் செய்யும் ரிப்பேரில் பாதி வீட்டிலேயே தவிர்க்கக் கூடியது.

ஆனால் ஹேங்கர் தேய்ந்து முறிவதில்லை. வண்டி நின்ற இடத்தில் காற்றடித்து வலப்பக்கமாகச் சாய்ந்தால் போதும், வளைந்துவிடும். அதைக் கவனிக்காமல் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றினால் டெரெய்லியர் ஸ்போக்குக்குள் போகும், அப்புறம் ஹேங்கர், டெரெய்லியர், ஸ்போக் எல்லாம் ஒரே நொடியில். பராமரிப்பு அதைத் தடுக்காது. அது ஒரு விரல் நீள அலுமினியத் துண்டு, ஆனால் ஒவ்வொரு பிரேமுக்கும் ஒவ்வொரு வடிவம், வழியில் எந்தக் கடையிலும் உங்களுடையது இருக்கும் என்று நம்ப முடியாது. 2019இல் ஸ்ராம் நிறுவனம் கொண்டுவந்த பொது ஹேங்கர் உள்ள பிரேம் என்றால் கிடைக்க வாய்ப்பு அதிகம், மற்றவர்கள் கையோடு வைத்திருப்பதுதான் வழி. போனைப் பொறுத்தவரை, அவர் இரவில் ஆள் இல்லாத சாலை என்கிறார். அங்கே சிக்னல் இருக்கும் என்று கணக்குப் போடாதீர்கள்.

கருப்புடயர்

நான் டயர் பற்றி மட்டும் பேசுகிறேன், ஏனென்றால் உங்கள் 300 கிலோமீட்டரில் நடக்கப் போவது பெரும்பாலும் அதுதான்.

முதலில் சிலிண்டர். வேகமானது, சந்தேகமில்லை, 28 டயருக்கு ஒரு 16 கிராம் சிலிண்டர் போதும். ஆனால் இரண்டு சிலிண்டர் என்றால் இரண்டே வாய்ப்பு. வால்வில் சரியாக உட்காராமல் ஒன்று புஸ்ஸென்று வெளியே போய்விட்டால் மிச்சம் ஒன்றுதான். காற்று நிரப்பிய பிறகு டியூப் டயருக்கு அடியில் மாட்டி வெடித்தால் அதுவும் போச்சு. பம்ப் தீர்ந்து போவதில்லை. 200, 300 தடவை அடிக்க வேண்டியிருக்கும், கை வலிக்கும், ஆனால் தீராது. சிலிண்டரும் வைத்துக்கொள்ளுங்கள், மழையில் குளிரில் உதவும், வெறும் கையால் பிடிக்காதீர்கள், வாயு வெளியேறும்போது உலோகம் உறைந்து தோலோடு ஒட்டிக்கொள்ளும். இன்னொன்று, கார்பன் டை ஆக்சைடு சாதாரண காற்றைவிட வேகமாக ரப்பர் வழியே கசியும். மறுநாள் காலை டயர் தளர்ந்திருந்தால் மறுபடி பஞ்சர் என்று பதறாதீர்கள், திறந்துவிட்டு பம்பால் காற்று அடித்துக்கொள்ளுங்கள்.

சின்னக் குழாய் வைத்த பம்ப் வாங்குங்கள். வால்வில் நேராகச் செருகி அடிக்கும் வகையில் களைத்த கை ஆடும், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பிரெஸ்டா வால்வின் மெல்லிய தண்டு வளையும், இல்லாவிட்டால் வால்வு டியூபோடு சேரும் இடம் கிழியும். அந்த இடத்தில் பேட்ச் ஒட்டாது.

இப்போது எல்லோரும் அவசரத்தில் விட்டுவிடும் விஷயம். டியூபை மாற்றுவதற்கு முன் எது குத்தியது என்று கண்டுபிடிக்க வேண்டும். நான் டயர் போடும்போதே அதன் பெயர் எழுதிய இடம் வால்வுக்கு நேராக வரும்படி போடுவேன். பஞ்சர் ஆனால் டியூபுக்குக் காற்றடித்து ஓட்டையைக் கண்டுபிடித்து, வால்விலிருந்து எத்தனை சாண் என்று அளந்து, டயரில் எழுத்திலிருந்து அதே தூரத்தில் தேடுவேன். இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும், ஏனென்றால் டியூபை எந்தப் பக்கம் திருப்பிப் பிடித்திருக்கிறோம் என்று குழம்பிவிடும்.

ஒரு தடவை 40 கிலோமீட்டருக்குள் மூன்று டியூப் போனது. மூன்றும் ஒரே இடத்தில். டயருக்குள் விரலால் தடவிப் பார்த்தேன், ஒன்றும் தட்டுப்படவில்லை. கடைசியில் டயரை அந்த இடத்தில் உள்வெளியாகத் திருப்பி, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தபோது ஒரு மினுக்கு. தலைமுடி பருமனில் ஒரு எஃகுக் கம்பி. லாரி டயர்கள் வெடித்துச் சிதறும்போது அவற்றின் உள்ளே இருக்கும் பின்னல் கம்பி சாலையோரம் இப்படித்தான் துண்டுதுண்டாகக் கிடக்கும். வெளியே தெரியாது, டயர் சுமை தாங்கும்போது மட்டும் உள்ளே எட்டிப் பார்க்கும். விரலால் பிடுங்க முடியவில்லை, பல்லாலும் முடியவில்லை. அன்றிலிருந்து பையில் புருவம் பிடுங்கும் சிறு இடுக்கி ஒன்று இருக்கிறது, 10 கிராம்கூட இல்லை. தேடுவதற்கு விரலுக்குப் பதில் ஒரு துணித்துண்டு, நூல் கம்பியில் மாட்டி நிற்கும், கண்ணாடிச் சில்லு விரலையும் கிழிக்காது.

மலைப்பாதை

கருப்புடயர் அக்கா சொன்னதோடு ஒன்று. ஓட்டை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே பாதிக் கதையைச் சொல்லிவிடும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சின்னக் கீறல் என்றால் காற்று குறைவாக வைத்துக் குழியில் இறக்கியிருக்கிறீர்கள், டயரில் எதையும் தேட வேண்டாம். டியூபின் உள்வட்டத்தில், அதாவது ரிம் பக்கம் ஓட்டை என்றால் ரிம் டேப் நகர்ந்து ஸ்போக் துளை தெரிகிறது, டேப்பைச் சரிசெய்யாமல் எத்தனை டியூப் போட்டாலும் அதே கதைதான்.

டயரே கிழிந்துவிட்டால் டியூப் அந்தக் கிழிசல் வழியாகப் பிதுங்கி வெடிக்கும். உள்ளே முட்டுக் கொடுக்க பழைய டயரின் பக்கச்சுவரிலிருந்து தீப்பெட்டி அளவு வெட்டிய துண்டு ஒன்று வைத்திருக்கிறேன். காலியான பற்பசைக் குழாயை வெட்டித் தட்டையாக்கியும் வைக்கலாம். காற்றைக் கொஞ்சம் குறைவாக வைத்து ஓட்ட வேண்டும்.

சங்கிலிப்பல்

தம்பி, செயின் பற்றி எழுதுகிறேன். அறுவது அபூர்வம்தான், அறுந்தால் வேறு வழியே கிடையாது, அதனால்தான் குயிக் லிங்க் பையில் இருக்க வேண்டும்.

குயிக் லிங்க் உங்கள் செயினின் ஸ்பீடுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். 10 ஸ்பீட் லிங்கை 11 ஸ்பீட் செயினில் போட்டால் அகலம் பொருந்தாது. அறுந்த இடத்தை உற்றுப் பாருங்கள். செயினில் வெளித்தகடும் உள்தகடும் மாறி மாறி வரும். வெளித்தகடு மட்டும் பிரிந்திருந்தால் அந்த ஒரு ஜோடியைச் செயின் பிரேக்கரால் கழற்றிவிட்டு அதே இடத்தில் குயிக் லிங்கைப் போடலாம், நீளம் குறையவே குறையாது. உள்தகடு வளைந்திருந்தால் அதையும் அதன் இருபக்க வெளித்தகடுகளையும் எடுக்க வேண்டும். அப்போது செயின் ஒரு அங்குலம் குட்டையாகும். ஓட்டலாம், ஆனால் முன்னால் பெரியது பின்னால் பெரியது என்ற சேர்க்கைக்கு மட்டும் போகாதீர்கள், டெரெய்லியரைப் பிடுங்கிவிடும்.

லிங்கை மாட்டியபின் அது மேல்பக்கம் வரும்படி பெடலைச் சுற்றி, பின் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பெடலை அழுத்தி மிதியுங்கள். டக் என்று ஒரு சத்தம் வரும், உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். கைக்கு ஒரு ஜோடி மெல்லிய நைட்ரைல் கையுறை, செயினைத் தொட்ட கையோடு மீதி இரவு முழுக்க ஹேண்டில்பார் டேப்பையும் தின்பண்டத்தையும் தொட வேண்டாம்.

எதிர்க்காற்று

சரி, குயிக் லிங்க் ஒரு ஜோடி எடுத்துக்கொள்ளலாம், அதற்கு இடமே தேவையில்லை. நான் அதை ஹேண்டில்பாரின் முனை மூடிக்குள் டேப்பில் சுற்றிப் போட்டுவிடலாம் என்று நினைக்கிறேன்.

வெண்பனிச்சாலை

என்னுடையது டியூப்லெஸ், டியூபே இல்லாத டயர். சின்ன ஓட்டைகளை உள்ளே ஊற்றியிருக்கும் சீலன்ட் திரவம் தானாக அடைத்துவிடும், பெரியதற்குப் பிளக் குத்தும் ஊசி இருக்கிறது, சக்கரத்தைக் கழற்றாமலே முடிந்துவிடும். ஆனாலும் ஒரு டியூப் எடுத்துப் போகிறேன், ஏனென்றால் பக்கச்சுவர் கிழிந்தால் சீலன்ட் ஒன்றும் செய்யாது. டியூப் போட வேண்டுமென்றால் டியூப்லெஸ் வால்வைக் கழற்ற வேண்டும், அதன் நட்டு சீலன்ட் காய்ந்து இறுகிப் போயிருக்கும், விரலால் வராது. அதற்காகச் சின்னக் குறடு ஒன்று. புதிதாக டியூப்லெஸ் மாறுகிறவர்கள் இந்தக் குறடைத்தான் மறந்துவிடுகிறார்கள். சீலன்ட் சில மாதங்களில் காய்ந்துவிடும் என்பதும் நினைவிருக்கட்டும், பெரிய பயணத்துக்கு முன் திறந்து பாருங்கள்.

விடியல்சவாரி

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. மல்ட்டி டூலை எடுத்துப் பார்த்தேன், செயின் பிரேக்கர் இல்லை. டிஸ்க் ரோட்டரை (பிரேக் பிடிக்கும் வட்டத் தகடு) கழற்றும் நட்சத்திர வடிவச் சாவி, டி25, அது இருக்கிறது.

மூன்று சந்தேகம். ஒன்று, நெடுவழி அண்ணா ஸ்போக் போனாலும் நிற்காது என்றார், அப்போது என்ன செய்வது? இரண்டு, டியூபை இரண்டு வருடமாகப் பையில் வைத்திருக்கிறேன், அது இன்னும் நன்றாக இருக்குமா? மூன்று, ஒட்டும் பேட்ச் பசையோடு வருவதா, ஸ்டிக்கர் மாதிரி நேராக ஒட்டுவதா?

நெடுவழி

ஸ்போக்: போனதை ஆட விடாமல் பக்கத்து ஸ்போக்கில் சுற்றி டேப் போடுங்கள். வலப்பக்க ஸ்போக் போயிருந்தால் ரிம் இடப்பக்கம் இழுக்கும். அதன் இருபுறமும் உள்ள இடப்பக்க ஸ்போக்குகளைக் கால் கால் சுற்றாகத் தளர்த்தினால் ரிம் நடுவுக்குத் திரும்பும். அதற்கு உங்கள் நிப்பிளுக்கு (ஸ்போக்கை ரிம்மில் இறுக்கும் நட்டு) பொருந்தும் சாவி வேண்டும், 3.23, 3.3, 3.45 மில்லிமீட்டர் என்று அளவுகள் உண்டு, தப்பானது நிப்பிளை மழுக்கிவிடும். உங்களுக்கு ஒரு நல்ல செய்தி, டிஸ்க் பிரேக் என்பதால் ரிம் கொஞ்சம் ஆடினாலும் பிரேக்கில் உரசாது, பிரேமில் உரசாத வரை ஓட்டலாம். 32 ஸ்போக் சக்கரம் இதைத் தாங்கும், 20 ஸ்போக் சக்கரம் என்றால் அவ்வளவு நம்ப வேண்டாம்.

போல்ட்: பாட்டில் கூடு, கேரியர், மட்கார்டு எல்லாம் பெரும்பாலும் எம்5, அதாவது 5 மில்லிமீட்டர் தடிமன் போல்ட்தான். ஒரு எம்5 உபரியாக வையுங்கள். தவறவிட்டு வந்த பிறகு வேறு வழி இல்லையென்றால் பாட்டில் கூட்டிலிருந்து ஒன்றை உருவிக்கொள்ளலாம். ஷூவைப் பெடலோடு பூட்டும் கிளீட்டின் போல்ட் ஒன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது கழன்றால் காலைத் திருப்பினாலும் ஷூ பெடலிலிருந்து விடுபடாது, கிளீட் சுழன்றுகொண்டே இருக்கும், நின்ற இடத்தில் சாய்ந்து விழ வேண்டியதுதான்.

கருப்புடயர்

இரண்டு வருடப் பழைய டியூபை வெளியே எடுத்துக் காற்றடித்து ஓர் இரவு வைத்துப் பாருங்கள். பையில் மல்ட்டி டூலோடு கட்டுண்டு கிடக்கும் டியூப், ஓட்டத்தின் அதிர்வில் உரசி உரசி ஓட்டையாகும். நான் இருட்டில் மழையில் மாற்றிய புது டியூபில் காற்று நிற்கவில்லை. கையில் வைத்துப் பார்த்தால் அது மடிந்த மடிப்பிலேயே ரப்பர் தேய்ந்து வலையாகியிருந்தது. இப்போது ஒவ்வொரு டியூபும் ஒரு பழைய காலுறைக்குள். மாற்றும்போது அந்தக் காலுறையே கையுறையாகவும், டயரைத் துடைக்கும் துணியாகவும் ஆகிவிடுகிறது.

வால்வின் நீளத்தையும் பாருங்கள். ரிம் ஆழமாக இருந்தால் சாதாரண 40 மில்லிமீட்டர் வால்வு வெளியே எட்டிக்கூடப் பார்க்காது.

பேட்ச்: பசையோடு வருவதுதான் நிலைக்கும். ஸ்டிக்கர் வகை அன்றைக்கு வீடு வந்து சேர உதவும். உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்து, சொல்யூஷனை மெல்லிசாகப் பூசி, பளபளப்பு போய் மங்கும் வரை பொறுக்க வேண்டும், ஐந்து நிமிடமாவது. ஈரத்தில் ஒட்டுகிறவர்களுக்குத்தான் பேட்ச் உரிந்து வருகிறது. சொல்யூஷன் டியூபை ஒரு தடவை திறந்துவிட்டால் மூடியை எவ்வளவு இறுக்கினாலும் கொஞ்ச நாளில் உள்ளே காய்ந்துபோகும், அமுக்கினால் காற்று மட்டும் வரும். திறக்காத ஒன்றைப் பையில் வையுங்கள்.

மலைப்பாதை

இதைப் படிக்கும்போது 1913 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் ஞாபகம் வருகிறது. யூஜின் கிறிஸ்தோப் என்ற வீரருக்கு டூர்மலே மலை இறக்கத்தில் முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் போர்க் முறிந்தது. வெளியாள் உதவி வாங்கக் கூடாது என்பது அன்றைய விதி. வண்டியைத் தோளில் போட்டுக்கொண்டு பத்து கிலோமீட்டருக்கு மேல் நடந்து, சென்ட் மாரி டி காம்பான் என்ற கிராமத்துக் கொல்லன் உலையில் தன் கையாலேயே போர்க்கை அடித்துச் சேர்த்தார். உலைக்கு ஒரு சிறுவன் துருத்தி ஊதியதற்காக அதற்கும் தண்டனை நேரம் போட்டார்கள். அவருக்கு இரும்பு வேலை தெரிந்திருந்தது, அதனால் தொடர முடிந்தது.

இன்றைக்கு பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் போன்ற 1200 கிலோமீட்டர் பயணத்தில்கூட, 90 மணி நேரத்துக்குள், சோதனைச் சாவடிகளுக்கு நடுவே உங்கள் ஆட்கள் உதவ முடியாது. அங்கே வருகிறவர்களின் பையைப் பார்த்தால் எல்லாம் நீங்கள் இங்கே சொன்ன பொருட்கள்தான், ஆனால் ஒவ்வொன்றையும் இருட்டில் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்தத் தெரியும்.

சங்கிலிப்பல்

ஆமாம், தம்பி, கிளம்புவதற்கு முன் ஒரு ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, தலையில் டார்ச் கட்டிக்கொண்டு, அந்தப் பையில் இருப்பதை மட்டும் வைத்து பின் சக்கரத்தைக் கழற்றி டியூபை மாற்றிப் பாருங்கள். வீட்டில் உள்ள பெரிய பம்பைத் தொடக் கூடாது. பழைய செயின் துண்டு ஒன்றில் பின்னைத் தள்ளி, குயிக் லிங்க் போட்டுப் பழகுங்கள். சக்கரம் வெளியே இருக்கும்போது பிரேக்கை அழுத்தாதீர்கள், டிஸ்க் பேட் இரண்டும் ஒட்டிக்கொண்டு ரோட்டர் உள்ளே நுழையாது. ஒரு மடித்த அட்டைத் துண்டை நடுவில் செருகி வைத்தால் கவலையில்லை.

விடியல்சவாரி

போய் வந்துவிட்டேன். 17 மணி நேரம், முடிந்தது.

சங்கிலிப்பல் அண்ணா சொன்ன ராத்திரிப் பயிற்சியை இரண்டு தடவை செய்தேன். முதல் தடவை 40 நிமிடம், என் பம்ப் பிரெஸ்டாவுக்குத் திருப்பிப் போட வேண்டிய வகை என்பதே அன்றுதான் தெரிந்தது. இரண்டாவது தடவை 15.

190ஆவது கிலோமீட்டரில், இருட்டு, லேசான தூறல், பின் டயர் மெத்தென்றானது. வால்வுக்கும் எழுத்துக்கும் நேர் பார்த்துப் போட்டிருந்தேன். ஓட்டை வால்விலிருந்து இரண்டு சாணுக்குக் கொஞ்சம் அதிகம். காலுறையை டயருக்குள் விட்டு மெதுவாக இழுத்தேன், ஒரு இடத்தில் நூல் மாட்டியது. கம்பி இல்லை, ஒரு முள் நுனி, வெளியே ஒடிந்து உள்ளே மட்டும் நின்றது. இடுக்கியால் இழுத்தேன், வந்துவிட்டது. புது டியூப், பம்பில் 220 அடி, எண்ணிக்கொண்டே அடித்தேன். சிலிண்டரைத் தொடவில்லை. மொத்தம் 25 நிமிடம் ஆகியிருக்கும்.

செயின், ஹேங்கர், எம்5 போல்ட் எதுவும் தேவைப்படவில்லை, பரவாயில்லை, அப்படியே பையில் இருக்கட்டும். வீட்டுக்கு வந்து அந்த டியூபுக்குப் பசை போட்டு ஒட்டினேன், மங்கும் வரை காத்திருந்து. இப்போது அது காலுறைக்குள் போய்விட்டது. திறந்த சொல்யூஷன் டியூபை வீட்டு டப்பாவில் போட்டுவிட்டுப் பைக்குப் புதியது ஒன்று வாங்கி, வாங்கிய தேதியை டேப்பில் எழுதி அதன்மேல் ஒட்டியிருக்கிறேன்.

கருப்புடயர்

முள் எடுத்த இடத்தில் டயரின் வெளிப்பக்கத்தையும் ஒரு தடவை பகல் வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள். ஓட்டைக்குள் மணலோ சில்லோ உட்கார்ந்திருந்தால் அது மெல்ல மெல்ல உள்ளே போகும்.

விடியல்சவாரி

பார்த்தேன் அக்கா. முள் இருந்த இடம் சுத்தமாக இருக்கிறது, ஆனால் நாலு விரல் தள்ளி ஒரு கண்ணாடிச் சில்லு, உள்ளே போக இன்னும் பாதி வழி பாக்கி. எடுத்துவிட்டேன்.